என் இடத்துக்கு ஓர் ஆள்

பூனாவில் தமிழர்கள் சந்தித்துக்கொண்டால் முதலில் எந்த ஊர் என்று கேட்பார்கள், அடுத்து என்ன வேலை என்று கேட்பார்கள். தொண்ணூறுகளின் பிற்பாதியில் இந்த இரண்டாவது கேள்விக்குக் கம்பெனியின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. எந்தக் கம்ப்யூட்டர் மொழி என்றும் சொல்லியாக வேண்டும். சி பிளஸ் பிளஸ் என்றால் உட்கார நாற்காலியை இழுத்துப் போடுவார்கள். ஜாவா என்றால் பஜ்ஜித் தட்டையும் சேர்த்து நகர்த்துவார்கள். நான் ஏ.பி.எல். என்பேன். "அப்படின்னா?" என்பார்கள். நான் விளக்கத் தொடங்குவதற்குள் பஜ்ஜித் தட்டு ஜாவாக்காரர் பக்கம் போயிருக்கும்.

அந்த ஜாவாக்காரர் பெரும்பாலும் என் சிநேகிதியாக இருப்பாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நாங்கள் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நான் திருச்சியில் புள்ளியியல் படித்துவிட்டு ரயிலேறி வந்தவள். அவள் பூனாவிலேயே பிறந்தவள். தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் நிலைத்துவிட்ட குடும்பம். வெங்காயத்தைக் காந்தா என்பாள், நாற்காலியைக் குர்சி என்பாள், தமிழில் கடைப்பலகையைப் படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவாள். கம்பெனி அப்போது பூனாவின் டெக்கான் பகுதியில் ஒரு பழைய பங்களாவின் மாடியில் இருந்தது. முதல் நாள் மேனேஜர், நல்ல மராட்டியர், "உங்களில் யாருக்குப் புள்ளியியல் தெரியும்?" என்று கேட்டார். நான் முந்திரிக்கொட்டை மாதிரி கையைத் தூக்கினேன். தூக்கியதுதான் தாமதம், இங்கிலாந்தில் இருந்த ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் வேலையை என் தலையில் கட்டிவிட்டார். கையைத் தூக்காமல் சும்மா இருந்த அவளை சி பிளஸ் பிளஸ்ஸில் போட்டார். அங்கிருந்து அவள் ஜாவாவுக்குப் போனாள். எல்லாரும் அப்படித்தான் போனார்கள்.

ஏ.பி.எல். என்பது குறிகளால் எழுதும் மொழி. முக்கோணம், வட்டம், வட்டத்துக்குள் நட்சத்திரம், கிரேக்க எழுத்து என்று ஒவ்வொன்றும் ஒரு வேலை செய்யும். சாதாரணக் கீபோர்டில் அவை இல்லாததால் ஒவ்வொரு விசையின் மேலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ள வேண்டும். மற்ற மொழிகளில் ஒரு பக்கம் எழுதுவதை இதில் ஒரே வரியில் எழுதலாம். கணக்குப் போடுகிறவர்களுக்காகக் கணக்குப் போடுகிற ஒருவர் செய்தது. பழைய காப்பீட்டு நிறுவனங்கள் சில என்றைக்கோ இதில் எழுதி வைத்துவிட்டு, விடவும் முடியாமல் வைத்துக்கொள்ளவும் முடியாமல் இருந்தன. அப்படி ஒன்றுக்குத்தான் நான் வாக்கப்பட்டேன். பங்களாவில் முன்பு சாமான் அறையாக இருந்த ஒரு சின்ன அறையை எனக்குக் கொடுத்தார்கள். மற்றவர்கள் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டு வேலை செய்வார்கள். நான் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு முக்கோணம் போட்டுக்கொண்டிருப்பேன்.

அந்த மொழி எனக்குப் பிடித்திருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் நமக்குப் பிடித்ததைப் பக்கத்து வீட்டில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்றால், பிடித்தது கொஞ்சம் கசக்கத் தொடங்கும்.

பூனாவில் அப்பா பல்வந்த் சௌக் என்று ஓர் இடம், தெரு முழுக்கப் பாடப்புத்தகக் கடைகள். ஏ.பி.எல். பற்றி ஏதாவது கிடைக்குமா என்று ஒரு மதியம் கடைகடையாக ஏறினேன். ஒரு கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, எந்தக் கல்லூரி, எந்த செமஸ்டர் என்று கேட்டார். பாடத்தில் இல்லாத புத்தகத்தை ஒருவர் காசு கொடுத்து வாங்குவார் என்பது அவருக்குப் புரியவில்லை. கடைசியில் ஒரு பாடப்புத்தகத்தில் அரைப் பக்கம் இருந்தது. கம்ப்யூட்டர் மொழிகளின் வரலாறு என்ற தலைப்பின் கீழ், செத்துப்போனவர்களைப் பற்றிப் பேசுகிற மரியாதையோடு எழுதியிருந்தார்கள். அதே கடையில் ஜாவா புத்தகங்களைத் தரையிலிருந்து கூரைவரை செங்கல் அடுக்குவதுபோல அடுக்கியிருந்தார்கள். தெருவுக்குத் தெரு ஜாவா கற்றுத்தருகிறோம் என்று பலகை. நூற்றுக்கு நூறு வேலை என்று அதன் கீழே இன்னொரு வரி. எனக்குக் காதில் புகை வந்தது.

ஒருமுறை ஒரு பொறியியல் கல்லூரியில் எங்கள் கம்பெனியிலிருந்து இரண்டு பேரைப் பேசக் கூப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமை நான், சனிக்கிழமை அவள். நான் ஒரு வாரம் உட்கார்ந்து தயாரித்தேன். ஒரே வரியில் ஒரு வகுப்பின் மதிப்பெண்களை எல்லாம் வரிசைப்படுத்திக் காட்டினேன். பாதி அரங்கு காலி. மீதிப் பாதியில் ஒரு பையன் எழுந்து, "மேடம், இதுக்கு எந்தக் கம்பெனி கேம்பஸுக்கு வரும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். எங்கள் கம்பெனி என்றேன். "இதுவரைக்கும் எத்தனை பேரை எடுத்திருக்காங்க?" என்றான். என்னை, என்றேன். அரங்கு சிரித்தது. துறைத்தலைவர் நன்றி சொல்லும்போது, மாணவர்கள் வரலாற்றையும் தெரிந்துகொள்வது நல்லது என்றார்.

மறுநாள் அவள் பேசியபோது படிக்கட்டில் எல்லாம் உட்கார்ந்து கேட்டார்களாம். திங்கட்கிழமை ஒரு பெரிய பூங்கொத்தோடு என் அறைக்கு வந்தாள்.

"இத நீயே வெச்சுக்கடி. ஸ்கூட்டர்ல எட்த்துனு போவ முடியல."

"உனக்குக் குடுத்தத நான் எதுக்குடி வச்சுக்கணும்?"

"அரே, ரூம் உனக்குத்தான கீது? எனக்கு எங்க இடம்?"

அவள் விகற்பம் இல்லாமல்தான் சொன்னாள். அந்தப் பூங்கொத்து என் மேசையில் வாடி உதிரும்வரை அதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தேன். எடுத்து வெளியே போடவும் மனம் வரவில்லை. என் அறைக்கு அதற்கு முன் யாரும் பூ கொண்டுவந்ததில்லை.

நான் ஜாவாவுக்கு மாற வேண்டும் என்று மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வேலையிலிருந்து விலக வேண்டுமென்றால் நம் இடத்துக்கு ஓர் ஆள் வர வேண்டும். அந்த ஆளுக்கு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்து, அவர் தனியாக நிற்கத் தொடங்கிய பிறகுதான் நம்மை விடுவார்கள். ரீப்ளேஸ்மென்ட் என்பார்கள். ஜாவாக்காரர்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. தடுக்கி விழுந்தால் ஒரு ஜாவாக்காரர் மேல்தான் விழ வேண்டும். எனக்கு யார் வருவார்? "ஆளைக் கொண்டுவா, உடனே விடுகிறேன்" என்றார் மேனேஜர், ரொம்பப் பெருந்தன்மையாக.

புதிதாகச் சேர்ந்தவர்களை ஒவ்வொருவராக என் அறைக்கு அனுப்பினார். ஒரு பெண் இரண்டு நாள் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழுதாள். ஒரு பையன் சாப்பாட்டுக்குப் போனவன் திரும்பவே இல்லை. வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டான். இன்னொரு பையனின் அப்பா நாசிக்கிலிருந்து பஸ் பிடித்து வந்தார். கூடத்தில் எல்லார் முன்னாலும் மேனேஜரிடம் கையைக் கூப்பி, "என் மகனைக் கெடுத்துவிடாதீர்கள்" என்றார். பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். என்னைக் கெடுத்தபோது திருச்சியிலிருந்து யாரும் வரவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். என் அப்பா எனக்கு அரசாங்க வேலை மாதிரி நிரந்தரமான வேலை என்று ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கலிபோர்னியாவிலிருந்து ஒரு வரன் வந்தது. போனில் என்ன டெக்னாலஜி என்று கேட்டான். சொன்னேன். "மாத்திக்க முடியாதா?" என்றான். ஜாதகத்தில் செவ்வாய் இருக்கிறது என்று சொல்லியிருந்தால்கூட ஏதாவது பரிகாரம் சொல்லியிருப்பான். பிறகு நான் பூனாவிலேயே ஒரு மெக்கானிக்கல்காரரை மணந்தேன். அவர் எந்த மொழி என்று கேட்கவில்லை, நன்றாகச் சமைப்பாயா என்றும் கேட்கவில்லை. அதனால்தான் மணந்தேன்.

பிறகு ஓர் அமெரிக்க வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. யார் வேண்டுமானாலும் ஜாவா தேர்வு எழுதலாம், தேறினால் மூன்று மாதத்துக்குள் மாற்று ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். இதைவிட்டால் வேறு வழி இல்லை என்று தோன்றிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் கட்கிக்குப் போய் அவள் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து படித்தேன். அவளே பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். கடினமான பகுதிகள் எல்லாம் கைவந்துவிட்டன.

தேர்வின் முதல் பகுதி வெறும் கணக்கு. இருபது கழித்தல் எட்டு கழித்தல் ஐந்து என்றால் விடை என்ன வரும் என்பது போன்ற கேள்விகள். எந்தப் பள்ளிக்கூடப் பிள்ளையும் ஏழு என்று சொல்லும். நான் பதினேழு என்று எழுதினேன். ஏ.பி.எல்.லில் கணக்கு எப்போதும் வலப்பக்கத்திலிருந்து நடக்கும். எட்டில் ஐந்து போனால் மூன்று, இருபதில் மூன்று போனால் பதினேழு. பெருக்கலை முதலில் செய் என்ற விதியெல்லாம் அங்கே கிடையாது. அத்தனை வருடம் அந்த அறைக்குள் இருந்ததில் மூன்றாம் வகுப்புப் பாடம் என் தலையிலிருந்து அழிந்துபோயிருந்தது. ஒரு கேள்வியிலாவது சந்தேகம் வந்திருந்தால் பரவாயில்லை. வரவில்லை. முதல் பகுதியைத்தான் மிகச் சீக்கிரம் முடித்து நிம்மதியாக மூச்சு விட்டிருந்தேன்.

மேனேஜர் தாளை என் முன் வைத்தார். கடினமான பகுதியில் எல்லாம் சரி, முதல் பகுதியில் எல்லாம் தப்பு. "உடம்பு சரியில்லையா?" என்று உண்மையாகவே கவலையோடு கேட்டார்.

அவள் தேநீர்க் கடை வாசலில் உட்கார்ந்து சிரித்தாள். "இன்னாடி இது? இருபதுல எட்டு போயி அஞ்சு போனா பதினேழா? பாப்ரே! காய் விக்கிற நம்ம பாஜிவாலாகிட்ட நீ போவாதடி, அவன் பயந்துடுவான்." அன்றிலிருந்து ஆபீஸில் என் பெயர் உல்டா மேடம். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அதே தேர்வில் அவள் தேறி அமெரிக்கா போனாள். அங்கிருந்து புகைப்படங்கள் அனுப்பினாள். ஒரு சிவப்புக் காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு ஒன்று, பனியில் ஒன்று, பெரிய பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு ஒன்று. 'யூ ஷுட் கம்' என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருப்பாள். அவளை எனக்குப் பிடிக்கும். அவளைப்போல என்னைச் சிரிக்க வைத்தவர்கள் இந்த ஊரில் யாரும் இல்லை. ஆனால் அந்தக் கார் யாருடையதோ, அவள் சும்மா சாய்ந்து படம் எடுத்துக்கொண்டாள் என்று பின்னால் தெரிந்தபோது எனக்கு ஒரு பிடிச் சோறு கூடுதலாக இறங்கியது.

அப்புறம் அமெரிக்காவில் டாட்காம் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்துக்கொண்டன. போனவர்கள் எல்லாம் பெட்டியோடு திரும்பினார்கள். அவளும் வந்தாள். அதற்குள் நாங்கள் கராடியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்கு மாறியிருந்தோம். திரும்பி வந்தவர்களை கேன்டீனை ஒட்டிய ஒரு கூடத்தில் உட்கார வைத்தார்கள். பெஞ்ச் என்பார்கள் அதை. சம்பளம் உண்டு, வேலை கிடையாது. கொஞ்ச நாளில் சம்பளமும் கிடையாது. மாத முடிவு நெருங்கினால் அந்தக் கூடத்தில் யாரும் காபிகூடக் குடிக்க எழுந்து போக மாட்டார்கள்.

எனக்கு ஒரு குறையும் இல்லை. உலகம் தலைகீழாகப் போனாலும் இங்கிலாந்துக்காரர்கள் ஓய்வு பெறுவார்கள், சாவார்கள், பாலிசிக்குப் பணம் கேட்பார்கள். புதுக் கட்டடத்திலும் எனக்குத் தனி அறை, இந்த முறை கண்ணாடிக் கதவோடு. கேன்டீனுக்குப் போகும்போது அந்தக் கூடத்தை மெதுவாகத்தான் கடப்பேன். ஜாவா, ஜாவா என்று குதித்தவர்கள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. நன்றாகவே குளிர்ந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோந்த்வாவில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தாள். முகத்தில் பழைய சிரிப்பு இல்லை.

"இந்த மாசம் வூட்டுக்கு அனுப்புற லிஸ்ட்ல என் பேரு வரும்ங்கறாங்க. உன் ரூம்ல எனக்கு ஒரு குர்சி போடுறியா? நீ சொன்னா மேனேஜர் சாப் கேப்பாரு."

"என் ரூமுக்கா? அங்க வந்தவங்கெல்லாம் அழுதுகிட்டே ஓடினது தெரியும்ல?"

"நான் ஓட மாட்டேன்டி. எங்க ஓடறது?"

மகாராணி மாதிரி தலையை ஆட்டினேன். அத்தனை வருடம் அவளிடம் இருந்த எல்லாவற்றுக்கும் நான் ஏங்கியிருக்கிறேன். என்னிடம் இருக்கும் ஒன்றுக்காக அவள் முதன்முறையாகக் கேட்டாள். மறுநாளே மேனேஜரிடம் பேசினேன். அவளும் ஒரு வாரத்தில் ஓடிவிடுவாள், அதற்குள் வேறு ஏதாவது கிடைத்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

அவள் ஓடவில்லை. கீபோர்டைப் பார்த்ததுமே சிரிக்க ஆரம்பித்தாள். நான் அந்தக் குறிகளைப் புத்தகத்தில் இருந்த பெயர்களால்தான் சொல்வேன், பயபக்தியோடு. அவள் எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தாள். கோடு போட்ட முக்கோணம் மோதக், நம் ஊர்க் கொழுக்கட்டை. வட்டத்துக்குள் நட்சத்திரம் சக்லி, அதாவது முறுக்கு. வால் வளைந்த கிரேக்க எழுத்து கரண்டி. "ரெண்டு மோதக் போட்டா திரும்ப அதே எடத்துக்கு வந்துடுதுடி, பாத்தியா?" என்று ஒரு நாள் கத்தினாள். நான் அதைத் தெரிந்துகொள்ள ஒரு வருடம் ஆகியிருந்தது. அவளுக்கு ஒரு மதியம்.

இங்கிலாந்துக்காரர் ஒருவர்தான் தொடக்கத்திலிருந்து எங்களுக்கு வேலை அனுப்புகிறவர். இத்தனை வருடமாக எனக்கு 'டியர் மேடம்' என்று தொடங்கி 'தேங்க்ஸ்' என்று முடித்தவர். சிக்கனமான மனிதர், அவர் சுபாவமே அப்படி என்று நினைத்திருந்தேன். அவள் போனில் அவரிடம் இரண்டு முறை பேசினாள். மூன்றாவது வாரம் அவளுக்கு வந்த மின்னஞ்சலில், நான்காவது வரியில் இருக்கிற மோதக் தேவையில்லை என்று நினைக்கிறேன் என்று எழுதியிருந்தார். மோதக் என்றே எழுதியிருந்தார். அவள் கம்ப்யூட்டரைத் திருப்பி எனக்குக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். என் முகத்தில் ஈயாடவில்லை. ஜாவாவைப் பார்த்து வந்த பொறாமை எல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. அது எனக்குக் கிடைக்காததன் மேல் வந்தது. இது என்னுடையதன் மேல் வந்தது.

மேனேஜர் ஒரு நாள் வாயெல்லாம் பல்லாக என்னைக் கூப்பிட்டார். "உனக்கு விடுதலை" என்றார். அவள் தனியாக நிற்கத் தொடங்கிவிட்டாள், இங்கிலாந்துக்காரர்களுக்கும் திருப்தி, திங்கட்கிழமை முதல் நீ ஜாவா. இத்தனை வருடம் நான் கேட்டதை அவர் மறக்கவில்லையாம். போகவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். விண்ணப்பத்துக்கு மேல் விண்ணப்பம் கொடுத்தவள் எந்த முகத்தோடு அதைச் சொல்வது? "தேங்க் யூ சார்" என்றேன்.

ஜாவா நல்ல மொழி. அதன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கல்லூரி முடித்து அப்போதுதான் வந்த பிள்ளைகளோடு ஒரு பெரிய கூடத்தில் உட்கார்ந்து அதைக் கற்றுக்கொண்டேன், வேலையும் ஒழுங்காகச் செய்தேன். நான் ஒரு வாரம் லீவு போட்டால் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் அதைப் பார்த்துக்கொள்வார். யாரும் எனக்குப் போன் செய்ய மாட்டார்கள்.

ஒரு நாள் மதியம் அவள் கூடத்துக்கு ஓடி வந்தாள். பிள்ளைகள் எல்லாம் பார்க்க என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அந்த அறையில் நான் எழுதியவற்றில் எனக்கே பெருமையாக இருந்தது ஒன்று உண்டு. ஒருவர் பாலிசியை நடுவில் நிறுத்திவிட்டால் அவருக்கு எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்று சொல்லும் கணக்கு. வயது, நோய், கட்டிய வருடங்கள், பெண்களுக்கு வேறு அட்டவணை என்று ஆயிரம் சிக்கல். ஏ.பி.எல்.லிலேயே ஒரு முழுப் பக்கம் வந்தது. அதைவிடச் சுருக்க முடியாது என்று அப்போது நினைத்தேன். அவள் அதை ஒரே வரியில் எழுதி வைத்திருந்தாள்.

"காலையிலருந்து யார்கிட்டயாவது காட்டணும்னு துடிச்சுனு கீறேன். அம்மாகிட்ட காட்டவா? சாப்புக்கு இதுல ஒரு குறி தெரியுமா? இந்த ஊர்ல உன்ன வுட்டா எனக்கு யாருடி கீறாங்க?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். தப்புத் தேடினேன். ஒரு வருடம்கூடக் கட்டாதவர் வந்தால்? சரியாக வந்தது. பாலிசி முடியும் நாளிலேயே நிறுத்தினால்? சரியாக வந்தது. பெண்கள் அட்டவணையைப் போட்டுப் பார்த்தேன். கணவர் இறந்து மனைவி தொடர்ந்து கட்டிய ஒரு பழைய கேஸ், என்னையே ஒரு மாதம் ஆட்டி வைத்தது, அதையும் போட்டுப் பார்த்தேன். அது வந்த வேகத்தைப் பார்த்தபோதுதான் அந்த வரி எப்படி நிற்கிறது என்று புரிந்தது. என்னுடையதைவிட நன்றாக இருந்தது. எவ்வளவு நன்றாக இருந்தது என்பது எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது. அந்தக் கட்டடத்தில் வேறு யாரும் அதைப் பார்த்து வயிறெரிந்திருக்க முடியாது. வேறு யாருக்கும் படிக்கத் தெரியாது.

"நல்லாருக்குடி" என்றேன். கண்ணில் தண்ணீர் முட்டியது.

அவள் குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். "அரே, அழுறியாடி?" என்று என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். அவள் முகம் அப்படி மலர்ந்திருந்தது. "அவ்ளோ நல்லாவா கீது?"

"ஆமா" என்றேன். அவ்வளவு நன்றாகத்தான் இருந்தது.